மெம்பர் துரையின் கடிதமும் சுடலைமுத்துவின் கீறலும்

தபால் இலாகாவில் இப்போது சேர்ந்திருக்கும் பிள்ளைகள் ரொம்பவும் நொந்து போயிருக்கிறார்கள். சண்டைக் காலமாம். கடல் தாண்டிப் போகிற கடிதத்தையும் வருகிற கடிதத்தையும் எவனோ ஒருவன் கத்தரித்துப் படித்துவிட்டு, ஓரத்தில் ஒரு சீட்டை ஒட்டி அனுப்புகிறான். பென்ஷன் வாங்கப் போன இடத்தில் ஒரு பையன், "உங்கள் காலத்தில் இந்த அநியாயம் உண்டா சார்?" என்று கேட்டான். உண்டு, ஆனால் எங்கள் போஸ்டு மாஸ்டரிடம் அது படாத பாடு பட்டது என்று சொல்லி வைத்தேன். அவ்வளவுதான், தபால் ஊழியர் சங்கத்து ஆண்டு மலருக்கு எழுதித் தந்தே ஆகவேண்டும் என்று பிடித்துக்கொண்டான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதல்ல.

நான் வேலை பழகிய கதையைச் சொல்லி உங்கள் பொறுமையைச் சோதிக்கப் போவதில்லை. தந்திச் சாவியைத் தட்டிப் பழகிய நாளில் சாப்பிட உட்கார்ந்தால்கூட என் விரல் இலையில் தட்டிக்கொண்டிருக்கும். அதற்காக அப்பாவிடம் முதுகில் இரண்டு வாங்கினேன். அதோடு பயிற்சி முடிந்தது. முதல் வேலை, தாமிரபரணிக் கரையில் ஒரு சின்னத் தபாலாபீஸ். ஊரின் பெயரைச் சொன்னால் இந்தக் கதையில் பின்னால் வருகிற இன்ஸ்பெக்டரின் பேரன்மார் வருத்தப்படுவார்கள், ஆகையால் வேண்டாம். ரயிலில் வந்து இறங்கும் பைகளைப் பிரித்து, மேற்கே விக்கிரமசிங்கபுரத்துக்கும் பாபநாசத்துக்கும் அனுப்புவது எங்கள் வேலை என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

போஸ்டு மாஸ்டர் ஆவுடையப்ப பிள்ளை. நெற்றி நிறைய விபூதி, கழுத்துவரை பித்தான் போட்ட கோட்டு, முகத்தில் சிரிப்பு என்ற வஸ்துவே கிடையாது. காலையில் ஆபீஸ் திறந்ததும் முத்திரைக் கட்டையில் பழைய தேதியைக் கழற்றிவிட்டுப் புதுத் தேதியை அவரே பொருத்துவார். வேறு யாரும் தொடக் கூடாது. பொருத்தி, அதற்கென்று வைத்திருந்த புத்தகத்தில் ஒரு முறை குத்தி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தலையை ஆட்டிய பிறகுதான் எங்களுக்கு அன்றைய பொழுது விடிந்ததாக அர்த்தம். அவர் கையில் ரூல் புத்தகம் இருக்காது. அது தலைக்குள் இருந்தது. எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு எந்த விதி, எந்தப் பிரிவு என்று ஒப்பிப்பார்.

அவருக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவன் எதில் கையெழுத்துப் போட்டாலும் பெருக்கல் குறிபோல ஒரு கீறல் போடுவான் அல்லவா? அந்தக் கீறலுக்குப் பக்கத்தில் எழுத்துத் தெரிந்த ஒருவன், 'இது இன்னார் கீறல்' என்று எழுதிச் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும். சாட்சி இல்லாத கீறல் செல்லாது. எங்கள் ரன்னர் சுடலைமுத்து மாதாமாதம் சம்பளப் பட்டியலில் கீறல் போடுவான். நான் சாட்சி போடுவேன். ஒரு மாதம் மறந்துவிட்டேன். அன்று பிள்ளை சுடலைமுத்துவின் சம்பளத்தை மேஜையில் வைத்துவிட்டு, நான் சாப்பிடப் போய் வரும்வரை இருவருமாக அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம்.

சுடலைமுத்துவுக்கு நடையே கிடையாது, ஓட்டம்தான். தோளில் பை, கையில் சலங்கை கட்டிய ஈட்டி. அவன் வருவதற்கு முன் சலங்கை வரும், சலங்கைக்கு முன் அவன் பேச்சு வரும். வழியில் எதிர்ப்படுகிற மாட்டோடுகூட இரண்டு வார்த்தை பேசாமல் போகமாட்டான். இந்தப் பேச்சுதான் அவனை மாட்டிவிட்டது.

அந்த வருஷம் பாபநாசம் பங்களாவில் ஒரு வெள்ளைக்காரர் வந்து தங்கினார். சீமையில் பார்லிமெண்டு மெம்பராம். இங்கிலீஷ்காரர் இல்லை. இங்கிலீஷ் நாட்டுக்கு மேற்கே வேல்ஸ் என்று ஒரு மலைநாடு இருக்கிறது, அங்கே தனிப் பாஷை. அப்பா கல் உடைக்கிற தொழிலாளி. இவர் எப்படியோ படித்து, எலெக்ஷனில் ஜெயித்து, தொழிலாளிகள் எல்லா ஊரிலும் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று பார்க்கக் கிளம்பி வந்திருந்தார். தொப்பியில்லாமல் வெயிலில் நடப்பார், ஆற்றில் எல்லோரோடும் குளிப்பார், ஆலை விட்டு வருகிறவர்களை நிறுத்திக் கைகுலுக்குவார். ஜில்லாவில் இருந்த மற்ற வெள்ளைக்காரர்களுக்கு அவரைக் கண்டால் வேப்பங்காய். ஊர் அவருக்கு வைத்த பெயர் மெம்பர் துரை.

வாரந்தோறும் சீமைத் தபால் நாளுக்குக் கனமான கடிதம் ஒன்று அவரிடமிருந்து வரும். பெண்டாட்டி பிள்ளைகளுக்கு. பங்களாவிலிருந்து அதை வாங்கி வருகிறவன் சுடலைமுத்து. துரை அவனை உட்காரவைத்துத் தேத்தண்ணீர் கொடுப்பார். அவர் இங்கிலீஷில் பேசுவார், இவன் தமிழில் பேசுவான், இரண்டு பேரும் கைகொட்டிச் சிரிப்பார்கள். என்னலே பேசினீர்கள் என்று கேட்டால், "அவாளுக்கும் பொட்டப்பிள்ளதான் மூத்ததாம், நமக்கும் அப்படித்தான்னு சொன்னேன்" என்பான். எப்படித் தெரிந்ததோ அவனுக்கே வெளிச்சம்.

எங்கள் ஜில்லாவில் அப்போது போலீசுக்குத் தூக்கம் கிடையாது. கலெக்டர் துரையை ரயிலில் வைத்துச் சுட்டுக் கொன்றிருந்த காலம் அது, உங்களுக்குத் தெரியும். மரத்தடியில் நாலு பேர் கூடி வெற்றிலை போட்டால் ஐந்தாவதாக ஒரு சி.ஐ.டி. வந்து சுண்ணாம்பு கேட்பான். அப்படிப்பட்ட நாளில் வந்து சேர்ந்தார் இன்ஸ்பெக்டர் கோவிந்த ராவ். வடக்கேயிருந்து மாற்றலாகி வந்தவர். மீசையை முறுக்குவதற்கென்றே ஒரு கை வைத்திருந்தார். எப்படியாவது ஒரு ராவ் சாகிப் பட்டம் வாங்கிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. மெம்பர் துரையின் கடிதங்களைக் கொடும் என்று வாய்மொழியாகக் கேட்டார். பிள்ளை அவரை நாற்காலியில் உட்காரவைத்து, மோர் வாங்கிக் கொடுத்து, எழுத்துமூலமான உத்தரவு இல்லாமல் இந்தக் கட்டடத்தில் ஒரு கடிதம் திரும்பிப் படுக்கவும் முடியாது என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்.

இன்ஸ்பெக்டர் உத்தரவோடு திரும்பி வந்தார். அதில் பெரிய இடத்துக் கையெழுத்து. கடிதம் திறக்கலாம், தந்தியைப் பார்க்கலாம், அனுப்பியவருக்கு இதைத் தெரிவிக்கக் கூடாது. பிள்ளை அதை நிதானமாகப் படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "வே, உத்தரவு உத்தரவுதான். ஒரு எழுத்து கூடவும் கூடாது, குறையவும் கூடாது, பாத்துக்கிடும்" என்றார்.

குறையவில்லை. பின்கட்டு அறையில் வெந்நீர்ப் பானை வைத்து ஆவியில் உறையைப் பிரித்தார்கள். உள்ளே என்ன இருந்தது என்று இன்ஸ்பெக்டரிடம் பிள்ளை எழுதி வாங்கிக்கொண்டார்: எழுதிய தாள்கள், ஒரு மயிலிறகின் கண். நான் தாள்களைப் பிரதி எடுத்தேன். திரும்ப மூடும்போது மயிலிறகைக் காணோம். பை கட்டுகிற நேரம் நெருங்குகிறது. பட்டியலில் எழுதிய சாமான் உறைக்குள் போகாமல் உறை மூடப்படாது என்று பிள்ளை கைகட்டி நின்றுவிட்டார். ராவ் சாகிப் ஆகவேண்டியவர் பெல்ட்டும் பூட்ஸுமாக மேஜைக்கு அடியில் தவழ்ந்து தேடினார். கடைசியில் அது அவருடைய பூட்ஸின் அடியிலேயே ஒட்டியிருந்தது. பிள்ளை அதை வாங்கி, கைக்குட்டையால் துடைத்து, ஊதி, உள்ளே வைத்தார். நான் பானையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு எங்கே பார்த்தாலும் சிரித்திருப்பேன்.

பிரதி எடுத்ததைப் பற்றியும் ஒரு வார்த்தை. எழுத்தெல்லாம் இங்கிலீஷ் எழுத்து, ஒரு சொல்லும் வாயில் நுழையவில்லை. அடுத்தவன் வீட்டுச் சன்னலில் எட்டிப் பார்க்கிற வேலை அது. உள்ளே இருட்டாக இருந்தது என் அதிர்ஷ்டம். ஒரு பெண்பிள்ளைப் பெயர் மட்டும் திரும்பத் திரும்ப வருவது புரிந்தது. அந்தப் பெயருக்கு முன்னால் துரையின் பேனா கொஞ்சம் நின்று மை ஊறியிருக்கும்.

விஷயம் தெரிந்த ஒரு வெள்ளைக்காரரிடம் காட்டியிருந்தால், இது வேல்ஸ் பாஷை ஐயா என்று ஒரு நொடியில் சொல்லியிருப்பார். காட்டினால் பட்டம் அவருக்குப் போய்விடுமே. இன்ஸ்பெக்டர் தாமே ஆராய்ந்து, இது ரகசியச் சங்கேதம் என்று முடிவு கட்டினார். சங்கேதத்தை உடைக்க முடியவில்லை. ஆனால் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் அவருக்குப் படிக்கத் தெரிந்த ஒன்று இருந்தது. வரிசையாகப் பெருக்கல் குறிகள்.

உங்களில் இங்கிலீஷ் கதைப் புத்தகம் படிக்கிறவர்களுக்கு இப்போதே சிரிப்பு வந்திருக்கும். எங்களுக்கு வரவில்லை. கீறலைக் கண்டால் எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு அர்த்தம்தான்: எழுத்தறியாதவன் கையெழுத்து. ஆலைக்காரர்களும் கூலிக்காரர்களும் பங்களாவில் கூடி, சத்தியப் பத்திரத்தில் கீறல் போட்டிருக்கிறார்கள், அது சீமைக்குப் போகிறது என்று இன்ஸ்பெக்டர் சொன்னபோது எனக்கே அது சரியாகப் பட்டது. பங்களாவுக்குப் போய்வருகிற, கீறல் போடுகிற ஆள் யார்? சுடலைமுத்து. அவனை வழிமறித்து, ஒரு தாளில் கீறல் போடச் சொல்லி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறார். அச்சாக ஒத்துப்போனது. பெருக்கல் குறியும் பெருக்கல் குறியும் ஒத்துப்போகாமல் வேறு என்ன செய்யும்?

பையையும் ஈட்டியையும் எங்களிடம் ஒப்படைக்கும்வரை விட்டு, பிறகு ஆளைக் கொண்டுபோய் லாக்கப்பில் வைத்தார்கள். மற்றக் கீறல்கள் யார் யாருடையவை என்று சொல்லும்வரை அங்கேதான் என்றார்கள். எங்கள் இலாகா விதி அதைவிடப் பொல்லாதது. ஊழியன் கைதானால் போஸ்டு மாஸ்டர் மேலே தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் சஸ்பெண்டு. ரகசியக் கூட்டம் என்று பேர் வந்தால் வேலையும் போச்சு, ஜெயிலும் ஆச்சு. அவன் பெண்டாட்டி பேச்சி வந்து ஆபீஸ் வாசலில் நின்றாள். அழவில்லை. கோபமாக இருந்தாள்.

"கீறலத் தவிர அந்த மனுசனுக்கு ஒண்ணுந் தெரியாதுய்யா. அதுக்குப் போயா பிடிச்சி அடைப்பாக? இந்தப் போலீசுக்குக் கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா?"

பிள்ளை உள்ளே வந்து, மேலே எழுதவேண்டிய காகிதத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார். எழுதிவிடுவார் என்றுதான் நினைத்தேன். விதி என்றால் விதி என்கிற மனுஷர். மனசுக்குள் அவரைத் திட்டவும் தொடங்கிவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "கைது பண்ணினதா இன்ஸ்பெக்டர் நமக்கு எழுதித் தந்தாராவே?" என்று கேட்டார். இல்லை என்றேன். "எழுதி வராத சங்கதி ஆபீசுக்குத் தெரியாது. தெரியாததை எப்படி மேல எழுத?" என்று காகிதத்தை மடித்து உள்ளே வைத்தார். அன்றைக்கு நான் அவரைத் திட்டியதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அடுத்த சீமைத் தபாலுக்கு மெம்பர் துரையே கடிதத்தோடு நேரில் வந்துவிட்டார். வழக்கமாக வருகிற ஆள் எங்கே என்று கேட்டார். பிள்ளை கண்ணை மூடினார். கடிதம் திறக்கப்படுவதை இவரிடம் சொல்லக் கூடாது, உத்தரவு. ஆனால் சுடலைமுத்து லாக்கப்பில் இருப்பது சந்தையில் கீரை விற்கிறவளுக்கும் தெரியும். அதைச் சொல்ல உத்தரவில் தடையில்லை. ஏதோ ஒரு பத்திரத்தில் கீறல் போட்டதாகப் போலீஸ் சொல்கிறது, எந்தப் பத்திரம் என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை என்று தமது இலக்கண சுத்தமான இங்கிலீஷில் சொன்னார். கீறல் என்றால் என்ன என்று துரை கேட்டார். பிள்ளை மையொற்றித் தாளை எடுத்து, அதில் ஒரு பெருக்கல் குறி போட்டுக் காட்டினார். விடுவாரா, பக்கத்தில் சாட்சி போடும் இடத்தையும் கோடு போட்டுக் காட்டினார்.

துரை அதைப் பார்த்தார். தம் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தார். பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். அது சுவர். இப்படிப்பட்ட கீறல்கள் ஒரு வரிசையாக இருந்தனவோ என்று மெதுவாகக் கேட்டார். சொல்ல அதிகாரமில்லை என்றார் பிள்ளை. ஒரு மனிதன் முகம் சிவப்பதை நான் அவ்வளவு பக்கத்தில் அதற்கு முன் கண்டதில்லை. முதலில் கோபத்தில் சிவந்தது, பிறகு வேறு எதிலோ. எங்கள் நாட்டில் இது கையெழுத்து இல்லை, பிள்ளைகளுக்குக் கடிதத்தில் வைத்து அனுப்புகிற முத்தம், குறி ஒன்றுக்கு முத்தம் ஒன்று என்றார். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துத் தந்திக் காகிதம் ஒன்று கேட்டார்.

அதில் அவர் எழுதியதை என் ஆயுளுக்கும் மறக்கமாட்டேன். பார்லிமெண்டில் இருக்கும் தம் கூட்டாளிக்கு: என் மகளுக்கு நான் அனுப்பிய முத்தங்களை மதராஸ் போலீஸ் எண்ணிக்கொண்டிருக்கிறது, இதுவரை எத்தனை தேறியது என்று சபையில் மந்திரியைக் கேட்கவும். பிள்ளை ஒவ்வொரு சொல்லாகப் பென்சில் முனையால் தொட்டு எண்ணி, கட்டணத்தை வாங்கிக்கொண்டார். 'முத்தங்கள்' என்ற இடம் வந்தபோது பென்சில் அதைத் தொடாமல் தாண்டியது. துரை பெஞ்சில் கால் நீட்டி உட்கார்ந்து, தந்தி போகிற சத்தத்தைக் காதால் கேட்டுவிட்டுத்தான் நகர்வேன் என்றார்.

நான் சாவியில் கை வைத்தேன். பிள்ளை தடுத்தார். "அவசரப்படாதீரும். தந்தியை முதல்ல இன்ஸ்பெக்டருக்குக் காட்டணும்லா. உத்தரவு அப்படித்தான சொல்லுது?" முகத்தில் ஒரு சலனம் இல்லை. தபால்காரன் தந்தியோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான். இன்ஸ்பெக்டர் தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு பின்கட்டு வழியாக ஓடி வந்தார். துரை தவறாக எழுதிவிட்டார், அது என்ன முத்தம் என்று எங்களைப் போட்டு உலுக்கினார். பிள்ளை விளக்கப் பார்த்தார். அந்தச் சொல் அவர் வாயில் வரவில்லை. சைவ வாய். "வே, நீரு சொல்லும்" என்று என்னைப் பார்த்தார். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை சார் என்றேன். கடைசியில் அவரே கூரையைப் பார்த்துக்கொண்டு, "சின்னப் பிள்ளையளுக்கு... கன்னத்துல... தாறது" என்று சொல்லி முடித்தார்.

இன்ஸ்பெக்டரின் மீசை முறுக்கும் கை பாதியில் நின்றது. அந்தத் தந்தி போனால் சீமையில் சிரிப்பார்கள். சீமையில் சிரித்தால் மதராஸில் கேட்பார்கள், எண்ணியது யார் என்று. ராவ் சாகிப் பட்டத்துக்குப் பதிலாக வேறு ஏதாவது பட்டம் வரும். நிறுத்த முடியுமா என்று ஈனசுரத்தில் கேட்டார். அனுப்புவதற்கு முன் அனுப்புகிறவரே எழுதிக் கொடுத்தால் வாபஸ் வாங்கலாம், விதி இருக்கிறது, ஆனால் அவரிடம் நான் கேட்க முடியாது, அவருக்கு எதுவும் தெரியக் கூடாது என்று நீங்கள்தானே உத்தரவு கொண்டுவந்தீர்கள் என்றார் பிள்ளை. அப்புறம், யாரிடமோ சொல்வதுபோல, அந்தத் துரை ரன்னரைப் பார்க்காமல் போகமாட்டார் போலிருக்கிறது என்றும் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் தெருவில் பேச்சுச் சத்தம் கேட்டது. சலங்கை இல்லை, ஈட்டி எங்களிடம் இருந்தது. பேச்சு மட்டும் வந்தது. பின்னாலேயே சுடலைமுத்து வந்தான், இளைத்து, தாடியோடு. துரை எழுந்து போய் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு தந்தியை வாபஸ் வாங்கிக்கொள்வதாக எழுதிக் கொடுத்தார். பிள்ளை விதிப்படி ஒரு சிறு தொகையைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார். அந்த நேரத்திலும் பிடித்தார். அன்றைய கடிதம் ஆவி படாமல் பைக்குள் போனது. அதன் அடியில் எத்தனை குறிகள் இருந்தன என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருந்தது எவ்வளவு நிம்மதி.

கதை இங்கே முடிந்திருக்கும். மாதக் கடைசியில் சம்பளம் வந்தது. பட்டியலை நீட்டினால் சுடலைமுத்து பேனாவைத் தொடமாட்டேன் என்கிறான். என்னலே கேடு என்று கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் காதருகில் வந்தான்.

"இந்தக் காகிதம் மேல வெள்ளக்கார சூப்பிரண்டு தொரைக்குத்தான போவுது? இத்தன வருசமா மாசாமாசம் நான் அவாளுக்கு... ஐயோ, பேச்சிக்குத் தெரிஞ்சா என்னக் கொன்னேபோடுவா."

நான் சிரித்த சிரிப்பில் மைக்கூடு கவிழ்ந்தது. பிள்ளை சிரிக்கவில்லை. கண்ணை மூடி யோசித்துவிட்டு, பெருவிரல் ரேகை வைத்தாலும் செல்லும், விதி இருக்கிறது என்றார். அன்றிலிருந்து சுடலைமுத்து ரேகைதான். எந்தக் காகிதத்திலும் அவன் கீறல் போட்டு நான் பார்க்கவில்லை, ஒரே ஒரு தடவையைத் தவிர.

அது பிள்ளை பென்ஷன் வாங்கிக்கொண்டு கல்லிடைக்குறிச்சிக்குப் போன பிறகு. போகிற அன்று மாலை, மரியாதை எதுவும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாளைய தேதியை முத்திரைக் கட்டையில் நான் பொருத்த வேண்டும் என்று காட்டிக்கொடுத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். சுடலைமுத்து பை கொண்டுபோயிருந்தான். திரும்பி வந்தபோது நாற்காலி காலி. அவன் வாயடைத்துப் போய் நின்றதை அன்றுதான் கண்டேன். மறுநாள் ஒரு கார்டு வாங்கி என்னிடம் நீட்டினான். எழுதுங்கய்யா என்றான். சொல்லுலே என்றேன். மாட்டோடு பேசுகிறவனுக்குப் பேச்சு வரவில்லை. நாங்கள் எல்லோரும் சுகம், உங்கள் சுகத்துக்கு எழுதவும் என்று நானாகவே எழுதி, ரேகை வைக்க மைப்பெட்டியைத் தள்ளினேன். அவன் அதை ஒதுக்கிவிட்டு என் கையிலிருந்த பேனாவை வாங்கினான். நாக்கைக் கடித்துக்கொண்டு, கார்டின் அடியில் நிதானமாக ஒரு கீறல் போட்டான்.

நான் அதை அப்படியே முத்திரை குத்திப் பையில் போட்டேன்.

பதில் கார்டு வந்தது. மணிமணியான கையெழுத்து. சுடலைமுத்துவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன்: "உமது கார்டு கிடைத்தது. அதிலுள்ள கீறலுக்குச் சாட்சிக் கையெழுத்து இல்லை. விதிப்படி அது செல்லாது. இருந்தாலும் பெற்றுக்கொண்டேன்."